"இப்போ எவ்வளவு டென்ஷன்?": போனில் கேட்டு மன அழுத்தத்தை அளக்கும் முறை

கையில் கட்டியிருக்கும் வாட்ச் "ஸ்ட்ரெஸ் 72" என்று காட்டுகிறது. இணையத்தில் பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் "உங்களுக்கு மிதமான மன அழுத்தம்" என்று வருகிறது. "மன அழுத்தத்தை உடனுக்குடன் கண்டுபிடிக்கும் செயலி" என்று செய்தியில் தலைப்பு போடுகிறார்கள். இந்த மூன்றும் ஒன்றுதான் என்ற நினைப்பில்தான் பெரும்பாலும் பேசுகிறோம். மூன்றும் அளப்பது வேறு வேறு விஷயங்களை.

இதில் மூன்றாவது வகைக்கு அடியில் ஒரு ஆராய்ச்சி முறை இருக்கிறது: ஒரே நாளில் பல தடவை போனில் சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டு, அந்த நேரத்து நிலையை அந்த நேரத்திலேயே பதிவு செய்வது. அன்றாட மனநிலையைப் புரிந்துகொள்ள உளவியலுக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள கருவிகளில் இது ஒன்று என்பது என் எண்ணம். ஆனால் அதைப் பற்றி வெளியே நடக்கும் பேச்சில் பாதி, முறையையே தவறாகப் புரிந்துகொண்ட பேச்சு. போன் உங்கள் மனதுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. உங்களிடம் கேட்கிறது, அவ்வளவுதான். எப்போது கேட்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கடந்த மாதம் எப்படி இருந்தது?

முதலில் பழைய முறை. மன அழுத்தத்தை அளக்க உலகம் முழுக்க அதிகம் பயன்படும் கேள்வித்தாள்களில் ஒன்று, 1983இல் ஷெல்டன் கோஹனும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்டது. இன்று அதிகம் புழங்குவது அதன் 10 கேள்வி வடிவம். எல்லாக் கேள்வியும் கடந்த ஒரு மாதத்தைப் பற்றியது. முக்கியமான விஷயங்கள் கைமீறிப் போவதாக எத்தனை தடவை தோன்றியது, எல்லாம் நினைத்தபடி நடப்பதாக எத்தனை தடவை தோன்றியது, இப்படிப் போகும். "ஒருபோதும் இல்லை" என்றால் 0, "மிக அடிக்கடி" என்றால் 4. நல்லபடி நடந்ததைக் கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் எண்ணைத் தலைகீழாக்கிக்கொள்வார்கள். கூட்டிக் கழித்தால் 0 முதல் 40க்குள் ஒரு எண் கிடைக்கும். இது மோசமான கருவி இல்லை. ஆயிரம் பேரை ஒரே சமயத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இது போதும், செலவும் குறைவு.

ஆனால் பதில் சொல்பவரின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். யாரும் முப்பது நாளையும் வரிசையாக ஓட்டிப் பார்த்து எண்ணுவதில்லை. அந்த மாதத்தில் நடந்த ஒரு பெரிய சண்டை, நேற்று ராத்திரி தூக்கம் வந்ததா இல்லையா, இந்த நிமிடம் மனது எப்படி இருக்கிறது, "நான் எப்பவுமே டென்ஷன் பார்ட்டி" என்று தன்னைப் பற்றி வைத்திருக்கும் முடிவு, இதெல்லாம் கலந்துதான் பதில் வருகிறது. பதில் பொய் இல்லை. அது அந்த மாதத்தைப் பற்றிய நினைவு.

நினைவு எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 1993இல் டேனியல் கானமனும் மற்றவர்களும் வெளியிட்ட சோதனையில், கையை 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி வைத்திருக்கச் சொன்னார்கள். இன்னொரு சுற்றில் அதே 60 விநாடி, அதன் மேல் கூடுதலாக 30 விநாடி. அந்தக் கூடுதல் நேரத்தில் மட்டும் தண்ணீரை மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றினார்கள், அப்போதும் வலிக்கத்தான் செய்யும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் நீளமான சுற்றையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. 1996இல் டொனால்ட் ரெடல்மேயரும் கானமனும் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு வந்த நோயாளிகளிடம் நிமிடத்துக்கு நிமிடம் வலியைக் கேட்டுப் பதிந்தார்கள். பிறகு அவர்கள் நினைவிலிருந்து சொன்ன வலி, உச்சத்தில் இருந்த வலியோடும் கடைசி சில நிமிடங்களின் வலியோடும்தான் ஒத்துப்போனது. பரிசோதனை எவ்வளவு நேரம் நடந்தது என்பது கணக்கில் சேரவே இல்லை என்று சொல்லிவிடலாம்.

சில நிமிட வலிக்கே நிலைமை இது. ஒரு மாத மன அழுத்தத்தை நினைவிலிருந்து சொல்லச் சொன்னால் என்ன ஆகும்?

இதுவரை வந்த விஷயம் சுருக்கமாக: பின்னால் திரும்பிப் பார்த்துச் சொல்லும் பதில், உச்சத்துக்கும் முடிவுக்கும் அதிக எடை கொடுக்கிறது. நடுவில் கிடந்த சாதாரண நேரமெல்லாம் கரைந்துபோகிறது.

ஒரு சோறு பதம் போதாத இடம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது சரியாக வருவதற்குக் காரணம், பானையில் இருக்கும் எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில் ஒரே தீயில் வெந்திருக்கிறது. மனிதருடைய நாள் அப்படி வேகுவதில்லை. காலையில் பிள்ளைகளைக் கிளப்பும் அரை மணி நேரம் ஒரு மாதிரி, பதினோரு மணிக்கு மேலதிகாரி கூப்பிடும்போது ஒரு மாதிரி, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த மத்தியானம் ஒரு மாதிரி, ராத்திரி வீடு அடங்கிய பிறகு வேறு மாதிரி. எந்த ஒரு சோற்றை எடுத்தாலும் அது மற்றதைச் சொல்லாது. அதனால் பல இடத்திலிருந்து, பல நேரத்தில், நாமாகத் தேர்ந்தெடுக்காமல் எடுத்துப் பார்க்க வேண்டும். இப்படி முழுவதையும் அளக்காமல் அதன் சிறு பகுதிகளை எடுத்து முழுவதைப் பற்றி அறிவதற்கு மாதிரியெடுப்பு என்று பெயர். இங்கே மாதிரி எடுப்பது மனிதர்களிடையே மட்டும் அல்ல, ஒரே மனிதரின் நேரத்திலிருந்தும்.

பேஜரிலிருந்து போன் வரை

இந்த யோசனை ஸ்மார்ட்போனைவிடப் பழையது. 1970களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மிஹாய் சிக்சென்ட்மிஹாய், ரீட் லார்சன் ஆகியோர் பதின்வயதுப் பிள்ளைகளிடம் பேஜரைக் கொடுத்து அனுப்பினார்கள். எதிர்பாராத நேரத்தில் அது ஒலிக்கும். உடனே ஒரு படிவத்தை எடுத்து, எங்கே இருக்கிறேன், என்ன செய்கிறேன், என்ன நினைத்துக்கொண்டிருந்தேன், மனநிலை எப்படி என்று குறிக்க வேண்டும். 1994இல் ஆர்தர் ஸ்டோன், சால் ஷிஃப்மன் இருவரும் இந்த வகை முறைகளை மருத்துவம் சார்ந்த ஆய்வுகளுக்காக ஒன்று சேர்த்து "எகலாஜிகல் மொமென்டரி அசெஸ்மென்ட்" என்று பெயர் வைத்தார்கள். பெயர் மிரட்டுகிறது, பொருள் எளிது: ஆய்வுக்கூடத்துக்கு வரவழைக்காமல் ஆள் வாழும் இடத்திலேயே, அப்புறம் நினைவுபடுத்திச் சொல்லச் சொல்லாமல் அந்தக் கணத்திலேயே கேட்டு அளப்பது. இனி இ.எம்.ஏ. என்றே எழுதுகிறேன்.

தாளில் எழுதச் சொன்னால் போதாதா, போன் எதற்கு என்று தோன்றலாம். இதற்கு 2002இல் பதில் கிடைத்தது, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது. நாள்பட்ட வலி உள்ள 80 பேரை ஸ்டோனும் மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்குத் தாள் நாட்குறிப்பு, மீதிப் பேருக்கு மின்னணு நாட்குறிப்பு. ஒரு நாளில் மூன்று தடவை, குறித்த நேரத்தில் நிரப்ப வேண்டும். தாள் கொடுத்தவர்களின் கோப்பு அட்டைக்குள் வெளிச்சத்தை உணரும் சிறு கருவி ஒன்று இருந்தது. அட்டை எப்போது திறக்கப்பட்டது, எப்போது மூடப்பட்டது என்பதை அது பதிந்துகொண்டே வந்தது. அது அவர்களுக்குத் தெரியாது.

தாளில் எழுதியிருந்த தேதியையும் நேரத்தையும் நம்பினால், 90 சதவீதப் பதிவுகள் சரியான நேரத்தில் நடந்திருந்தன. கருவியின் பதிவைப் பார்த்தால் 11 சதவீதம். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு நாள் அட்டை திறக்கப்படவே இல்லை, ஆனாலும் அந்த நாட்களுக்கும் பக்கங்கள் நிரம்பியிருந்தன. மின்னணு நாட்குறிப்பில் சரியான நேரத்தில் நடந்த பதிவுகள் 94 சதவீதம்.

அந்த நோயாளிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வலியோடு வாழ்கிறவர் விட்டுப்போன பக்கங்களை உட்கார்ந்து மொத்தமாக நிரப்பினார் என்றால், அது ஆய்வாளருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இருக்கும். ஆனால் அப்படி நிரப்பியது மறுபடியும் நினைவுதான், எதைத் தவிர்க்க நாட்குறிப்பு கொடுத்தார்களோ அதுவே. போன் தருகிற உண்மையான ஆதாயம் இங்கேதான் இருக்கிறது. பதில் எந்த நிமிடம் வந்தது என்று அதுவே முத்திரை குத்திவிடுகிறது, நேரம் தாண்டினால் கேள்வியை மூடிவிடுகிறது.

போனில் உண்மையில் என்ன நடக்கிறது

ஒரு சாதாரண ஏற்பாட்டைச் சொல்கிறேன். காலை 9 முதல் இரவு 9 வரை 12 மணி நேரம். அதை இரண்டிரண்டு மணி நேரமாக ஆறு துண்டு போடுவார்கள். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஏதோ ஒரு நிமிடத்தில் போன் ஒலிக்கும், எந்த நிமிடம் என்பதைக் குலுக்கல் முறையில் மென்பொருள் முடிவு செய்யும். இந்த அழைப்புக்கு பீப் என்று பெயர், பேஜர் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். துண்டு போடுவதால் நாள் முழுக்கப் பரவலாகப் பதிவு கிடைக்கும். நிமிடத்தைக் குலுக்கிப் போடுவதால் முன்கூட்டியே தயாராக முடியாது. தினமும் சரியாகப் பத்து மணிக்குக் கேட்டால், பத்து மணிக்கு நடக்கும் வாழ்க்கை மட்டும்தான் பதிவாகும், அதுவும் "இதோ வரப்போகிறது" என்று காத்திருக்கும் மனநிலையில்.

கேள்விகள் குறைவாக இருக்கும். இந்த நிமிடம் எவ்வளவு அழுத்தமாக உணர்கிறீர்கள்? திரையில் 0 முதல் 100 வரை ஒரு கோடு, விரலால் தள்ளிக் காட்டலாம். போன பீப்புக்கு அப்புறம் மனதை அழுத்தும்படி ஏதாவது நடந்ததா? ஆம் என்றால் என்ன மாதிரி விஷயம்: யாரோடாவது மனஸ்தாபமா, வேலையா, பணமா, உடம்பா? இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? எங்கே இருக்கிறீர்கள், யாரோடு? இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இப்படி ஒரு வாரம், இரண்டு வாரம். ஒரு நாளுக்கு ஆறு என்றால் இரண்டு வாரத்தில் ஒரே ஆளிடமிருந்து 84 பதிவுகள் வரை கிடைக்கும்.

இதைத் தவிர, சண்டை போன்ற ஒன்று நடந்தவுடன் நீங்களே திறந்து பதியும் வகையும் உண்டு, தினமும் படுக்கும் முன் ஒரு தடவை மட்டும் கேட்கும் வகையும் உண்டு. எதை அறிய வேண்டும் என்பதைப் பொறுத்து ஆய்வாளர்கள் மாற்றிக்கொள்வார்கள்.

நிகழ்வு வேறு, உணர்வு வேறு

மேலே கேள்விகள் இரண்டு விதமாக இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். "என்ன நடந்தது" என்பது ஒன்று, "எப்படி உணர்கிறீர்கள்" என்பது இன்னொன்று. வெளியே நடப்பதை அழுத்த நிகழ்வு என்றும், உள்ளே ஏற்படுவதை அழுத்த உணர்வு என்றும் வைத்துக்கொள்வோம். ஒரே நிகழ்வு இரண்டு பேரை ஒரே மாதிரி தாக்குவதில்லை, காரணம் நடுவில் ஒரு படி இருக்கிறது: "இது எனக்கு ஆபத்தா, என்னால் சமாளிக்க முடியுமா" என்று மனது போடும் எடை. ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல் விரிவாக எழுதியது இதைப் பற்றித்தான்.

இரண்டையும் தனித்தனியாகப் பதிந்தால் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க முடிகிறது. எத்தனை நிகழ்வு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் உணர்வு எவ்வளவு தூரம் எகிறுகிறது, எகிறியது இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது. இரண்டாவதற்கு எதிர்வினை அளவு என்றும் மூன்றாவதற்கு மீட்சி நேரம் என்றும் சொல்லலாம். மாதத்துக்கு ஒரு எண் கொடுக்கும் கேள்வித்தாளில் இந்த மூன்றும் ஒன்றாகக் குழைந்துவிடும்.

பிரித்துப் பார்ப்பதால் என்ன லாபம்? அமெரிக்காவில் டேவிட் அல்மேடா நடத்திவரும் அன்றாட அனுபவ ஆய்வில் ஸ்மார்ட்போன் கிடையாது, எட்டு நாள் தொடர்ந்து மாலையில் தொலைபேசியில் கூப்பிட்டு அன்றைய நாளைப் பற்றிக் கேட்பார்கள். முதல் கட்டத்தில் ஏறத்தாழ 40 சதவீத நாட்களில் ஏதாவது ஒரு அழுத்த நிகழ்வு இருந்தது, அதில் மிகுதியானவை மனிதர்களோடு ஏற்படும் உரசல்கள். அதே ஆட்களைப் பத்து ஆண்டு கழித்துப் பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. அழுத்த நிகழ்வு நடந்த நாட்களில் யாருடைய மனநிலை அதிகமாகக் கீழே இறங்கியதோ, அவர்களிடம் பத்து ஆண்டுக்குப் பிறகு மனநலச் சிக்கல்கள் அதிகமாகக் காணப்பட்டன. அதிக எதிர்வினைதான் சிக்கலுக்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் சில்லறைத் தொந்தரவுகளை மனது எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதில் கவனிக்க வேண்டிய சேதி இருக்கிறது. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் "இதுக்கெல்லாமா டென்ஷன் ஆவாங்க" என்று நாம் ஒதுக்கித்தள்ளும் விஷயங்கள்தான் இவை.

உங்கள் 50, என் 50

இங்கேதான் மிகப் பெரிய குழப்பம். ஒருவர் எப்போதும் 60ஐச் சுற்றியே குறிக்கிறார். இன்னொருவர் வழக்கமாக 15 குறிப்பவர், செவ்வாய்க்கிழமை மத்தியானம் 50 குறிக்கிறார். யாருக்கு அதிக அழுத்தம்? 60 பெரிய எண். ஆனால் அன்றைக்கு ஏதோ நடந்திருப்பது இரண்டாமவருக்குத்தான். மனதுக்குள் பொதுவான அளவுகோல் எதுவும் பதித்து வைக்கப்படவில்லை, ஆளுக்கு ஆள் அந்தக் கோட்டை வேறு மாதிரிதான் பயன்படுத்துகிறார்கள். அதனால் இ.எம்.ஏ. பதிவுகளில் முதல் வேலை, ஒவ்வொருவருக்கும் அவருடைய சொந்தச் சராசரியைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு பதிவும் அதிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்ப்பது. இதை ஆளுக்குள் ஒப்பீடு என்பார்கள். ஒருவரை மற்றவரோடு வைத்துப் பார்ப்பது ஆட்களுக்கு இடையிலான ஒப்பீடு.

இரண்டும் எதிரெதிர் பதில் தரவும் கூடும். தொடர்ந்து உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு மற்றவர்களைவிட இதயத் துடிப்பு பொதுவாகக் குறைவு. ஆனால் அதே ஆள் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் துடிப்பு ஏறும். இரண்டும் உண்மை. "வேலை அதிகம் செய்கிறவர்களுக்கு அழுத்தம் அதிகம்" என்று ஒரு தலைப்பைப் படித்தால், அது வெவ்வேறு ஆட்களைப் பற்றிச் சொல்கிறதா, ஒரே ஆளின் வெவ்வேறு நாட்களைப் பற்றிச் சொல்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல தலைப்புகள் அந்தக் கேள்வியிலேயே உடைந்துபோகும்.

சுருக்கமாக: எண் எவ்வளவு என்பதைவிட, அது உங்கள் வழக்கத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தது, எப்போது நகர்ந்தது என்பதைத்தான் இந்த முறை நன்றாகச் சொல்லும்.

இதற்கு ஒரு உதாரணம். 2013இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 48 மாணவர்களை 10 வாரக் கல்விப் பருவம் முழுக்க ஆண்ட்ராய்டு போன் வழியே பின்தொடர்ந்தார்கள். போனின் உணரிகள் தூக்கம், நடமாட்டம், பேச்சு நேரம் ஆகியவற்றைக் கணித்தன, இடையிடையே மன அழுத்தத்தைப் பற்றிக் கேள்வியும் வந்தது. பருவத் தொடக்கத்தில் நல்ல மனநிலையில், நன்றாகத் தூங்கி, நிறையப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு, பாடச் சுமை ஏற ஏற அழுத்தம் ஏறியது, தூக்கமும் பேச்சும் நடமாட்டமும் குறைந்தன. பருவம் முடிந்தபின் ஒரு தடவை மட்டும் கேட்டிருந்தால் இந்த வளைவு கிடைத்திருக்காது.

அப்போ வாட்ச் காட்டும் எண்?

வாட்ச் எதையும் கேட்பதில்லை. இதயத் துடிப்பையும், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலுள்ள நேரம் எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதையும் வைத்து ஒரு கணிப்பு சொல்கிறது. அழுத்தத்தில் துடிப்பு மாறுவது உண்மைதான். ஆனால் படியேறினாலும் மாறும், காபி குடித்தாலும் மாறும், கல்யாண வீட்டில் சந்தோஷமாகக் குதித்தாலும் மாறும். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 800 மாணவர்களுக்கு வாட்ச் கட்டி, கூடவே போனில் ஒரு நாளில் பல தடவை கேள்வியும் கேட்டு, 2025இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு வாட்ச் சொன்ன ஸ்ட்ரெஸ் எண்ணுக்கும் அவர்களே சொன்ன அழுத்தத்துக்கும் தொடர்பு ஏறக்குறைய இல்லை. தூக்கத்தைப் பொறுத்தவரை பொருத்தம் எவ்வளவோ மேல்.

ஆகவே வாட்ச் எண்ணைப் பார்த்து "எனக்கே தெரியாமல் நான் டென்ஷனாக இருக்கிறேன்" என்று பயப்பட வேண்டாம். உடம்பு கிளர்ந்திருக்கிறது என்பது ஒரு தகவல். அது கவலையாலா, நடையாலா என்பது உங்களைக் கேட்டால்தான் தெரியும்.

இந்த முறையின் ஓட்டைகள்

மிகப் பெரிய ஓட்டை, விடுபட்ட பீப். மேலதிகாரி கத்திக்கொண்டிருக்கும்போது போன் ஒலித்தால் யாரும் எடுத்துக் கோட்டைத் தள்ளிக்கொண்டிருக்க மாட்டார்கள். வண்டி ஓட்டும்போது எடுக்கவும் கூடாது. அதாவது எந்த நேரத்தை அளக்க ஆசைப்படுகிறோமோ அந்த நேரமே விடுபட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சராசரியாக 79 சதவீத பீப்களுக்குப் பதில் வருகிறது. நல்ல எண்தான். ஆனால் மீதி 21 சதவீதம் எந்த நேரத்தில் விழுந்தது என்று சொல்லாத ஆய்வை அரை மனதோடுதான் நம்ப முடியும்.

அடுத்தது சலிப்பு. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம் சோதித்தபோது, ஒரு நாளில் எத்தனை தடவை கேட்டார்கள் என்பதைவிட, ஒவ்வொரு தடவையும் எத்தனை கேள்வி கேட்டார்கள் என்பதுதான் தொந்தரவாக இருந்தது. கேள்வித்தாள் நீளமானால் கவனமில்லாத பதிலும் கூடியது. எனவே அடிக்கடி கேட்கலாம், சுருக்கமாகக் கேட்க வேண்டும்.

அடிக்கடி கேட்பதே மனதை மாற்றிவிடாதா என்ற சந்தேகமும் நியாயமானது. சிலருக்குத் தன்னைக் கவனிப்பது உதவுகிறது, சிலருக்குக் கவலையைக் கிளறுகிறது. அப்புறம், எங்கே இருக்கிறீர்கள், யாரோடு இருக்கிறீர்கள், எப்போது மனது உடைகிறது என்பதெல்லாம் மிக அந்தரங்கமான தகவல். ஆய்வுக்கு ஒப்புக்கொள்ளும் முன் இது எங்கே சேமிக்கப்படும், யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வேலை செய்யும் நிறுவனமே இப்படி ஒரு செயலியைக் கொடுத்தால் இரண்டு தடவை கேளுங்கள்.

உங்களுக்கு நீங்களே செய்து பார்க்க

தனிச் செயலி தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு, ஒரு நாளில் நான்கைந்து அலாரம். முடிந்தால் வீட்டில் வேறு ஒருவரை நேரம் வைக்கச் சொல்லுங்கள், தினமும் மாற்றி வைத்தால் இன்னும் நல்லது. அலாரம் அடித்ததும் மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: 0 முதல் 10க்குள் ஒரு எண், எங்கே யாரோடு இருக்கிறீர்கள், கடந்த சில மணி நேரத்தில் ஏதாவது நடந்ததா. தவறவிட்டால் விட்டுவிடுங்கள், ராத்திரி உட்கார்ந்து நிரப்பாதீர்கள். தவறியது என்று ஒரு கோடு மட்டும் போட்டு, ஏன் தவறியது என்று எழுதி வைக்கலாம்.

இரண்டு வாரம் முடியும்வரை முந்தைய எண்களைத் திரும்பிப் பார்க்க வேண்டாம், பார்த்தால் அடுத்த எண் அதற்கேற்ப வளையும். முடிந்ததும் முதலில் சராசரி, பிறகு அதிலிருந்து அதிகம் விலகிய பதிவுகள், அந்தப் பதிவுகளின் நேரமும் இடமும் ஆளும். நடுவிலேயே இது மனதைக் கூடுதலாக அழுத்துகிறது என்று தோன்றினால் நிறுத்திவிடுங்கள்.

இந்தப் பட்டியல் நோயைக் கண்டுபிடிக்காது. ஆனால் தூக்கமின்மைக்கோ படபடப்புக்கோ மருத்துவரிடம் போகும்போது "எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் அதிகம்" என்று அவர் கேட்பார் இல்லையா, அப்போது அதை எடுத்து நீட்டலாம்.